கியர்ப் பெட்டியின் ஆயுளைத் தின்பது எது?

வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். பொழுது விடியுமுன்பே பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்தும் சுற்று வட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் பிக்கப் வண்டிகளும் 'குட்டி யானை'களும் ஆடுகளை ஏற்றிக்கொண்டு வந்து வரிசையாக நிற்கும். இந்த ஆடுகளில் பலவற்றின் தோல் பிறகு உப்பிடப்பட்டு, ஆம்பூருக்கோ பேரணாம்பட்டுக்கோ வாணியம்பாடிக்கோ இதே மாதிரி வண்டியில்தான் போகும். எங்கள் பகுதியின் பிழைப்பு பெரும்பாலும் இந்தச் சிறு சுமை வண்டிகளின் முதுகில் ஓடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

சென்ற கோடை விடுமுறையில் அந்தச் சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு விவாதம் நடந்தது. எனக்குப் பெரியப்பா முறையான ஆட்டு வியாபாரி ஒருவருக்கு இடது முழங்காலில் தீராத வலி. கிளட்ச்சை மிதித்து மிதித்து வந்த வலி என்பது அவருடைய முடிவு. சென்னையில் பழைய தானியங்கிக் கியர் பிக்கப் வண்டி ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டு, கையில் இருக்கும் வண்டியை விற்றுவிட்டு அதை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"வாங்குங்க அண்ணே. சவூதியில பன்னிரண்டு வருஷம் அமெரிக்கப் பிக்கப்தான் ஓட்டினேன். கிளட்ச்சே கிடையாது. கியர்ப் பெட்டியைத் திறந்து பார்த்த ஞாபகமே எனக்கில்லை" என்றார் பக்கத்துத் தெரு பாய்.

"அது பாலைவனத்து ரோடு பாய். நம்ம மலையில ஏத்தினா ஆறு மாசத்துல எண்ணெய் கருகிப் போகும். கிளட்ச் பிளேட்னா நானே ஒரு நாள்ல மாத்திடுவேன். அந்தப் பெட்டியை யார் திறக்கிறது?" என்றார் மெக்கானிக்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு உடனே விடை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தாளை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. மாணவ நண்பர்களே, அந்தக் கணக்கை நீங்களும் என்னோடு சேர்ந்து போடலாம். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நீங்கள் படித்த வேலை, ஆற்றல், தன்வெப்பம் ஆகியவையே போதும்.

ஏதோ ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும்

மிதிவண்டியை நீங்கள் நின்ற நிலையிலிருந்து மிதித்துக் கிளப்புகிறீர்கள். உங்கள் கால் சுழியிலிருந்து மெல்ல வேகம் எடுக்கக்கூடியது. டீசல் எஞ்சின் அப்படியல்ல. நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்றுக்குக் கீழே போனால் அது நின்றே போய்விடும். ஆகவே வண்டி கிளம்பும்போது ஒரு சிக்கல் இருக்கிறது: எஞ்சின் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது, சக்கரமோ நிற்கிறது. இரண்டையும் சட்டென்று இணைத்தால் எஞ்சின் அணைந்துவிடும், இல்லையேல் ஏதாவது உடையும். எனவே இடையில் ஏதோ ஒன்று சிறிது நேரம் வழுக்கித்தான் ஆக வேண்டும்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் வழுக்குவது கிளட்ச் பிளேட். எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும், விற்சுருள்களின் பலத்தால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், தோசைக்கல் அளவிலான அந்த வட்டத்தகடு அகப்பட்டு உராய்ந்து, மெல்ல மெல்ல எஞ்சினின் வேகத்துக்கு வந்து சேரும். தானியங்கிப் பெட்டியில் வழுக்குவது எண்ணெய். அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது கணக்கு. வண்டியும் சுமையும் சேர்த்து 3,000 கிலோகிராம் என்று கொள்வோம். முதல் கியரில் எஞ்சின் சுமார் 1,200 சுற்றில் ஓடும்போது, முழுதும் பிடித்த கிளட்ச் வண்டியை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கொண்டுசெல்லும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். சமதரையில் இந்த வேகத்தை எட்டிய வண்டியின் இயக்க ஆற்றல் என்ன? பாதி × நிறை × வேகத்தின் இருமடி: ½ × 3,000 × 4 = 6,000 ஜூல்.

இதைக் கொடுக்க எஞ்சின் செலவழித்தது எவ்வளவு? 6,000 ஜூல் என்று பதில் சொல்லத் தோன்றும். அது தவறு, 12,000 ஜூல். காரணத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கிளட்ச்சின் இரு பக்கமும் திருப்பு விசை ஒன்றே. ஆனால் எஞ்சின் பக்கம் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. சக்கரப் பக்கமோ சுழியிலிருந்து தொடங்கி முழு வேகத்துக்கு ஏறுகிறது. அதன் சராசரி வேகம் பாதிதான். திருப்பு விசை சமம், வேகம் பாதி என்றால் வேலையும் பாதிதானே? மறுபாதி 6,000 ஜூல் கிளட்ச் பிளேட்டில் வெப்பமாகிவிட்டது. எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராக இருந்தாலும், எஞ்சினை அதே வேகத்தில் வைத்துக் கிளம்பினால் இந்த வெப்பத்திலிருந்து ஒரு ஜூலைக்கூடக் குறைக்க முடியாது. (மேல்வகுப்பில் மின்தேக்கியை மின்கலத்தால் மின்னேற்றும் பாடம் வரும்போது இதே பாதிக்குப் பாதி இழப்பை மறுபடியும் சந்திப்பீர்கள். அப்போது ஒடுகத்தூரை நினைத்துக்கொள்ளுங்கள்.)

இனி அதே வண்டியை மலைப்பாதையில் நிறுத்துவோம். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு. புவியீர்ப்பு வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை 3,000 × 9.8 ÷ 10. ஏறக்குறைய 3,000 நியூட்டன். மூன்று வினாடியில் வண்டி அதே 2 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டுமானால் முடுக்கத்துக்கு இன்னும் 2,000 நியூட்டன் தேவை. மொத்தம் 5,000 நியூட்டன். எஞ்சின் பக்கம் மூன்று வினாடியில் 'ஓடியிருக்க வேண்டிய' தொலைவு 6 மீட்டர். ஆகவே அது தந்த ஆற்றல் 30,000 ஜூல். அதில் பாதி, 15,000 ஜூல், கிளட்ச்சில் வெப்பம். சமதரையில் ஆனதைப்போல் இரண்டரை மடங்கு.

இதுகூடப் பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வருகிறது. நம் ஓட்டுநர் பிரேக்கைப் பிடிக்காமல், கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, வண்டியைச் சரிவில் அந்தரமாக நிறுத்தி வைக்கிறார். 'ஆஃப் கிளட்ச்' என்று இதைச் சொல்வார்கள். பார்ப்பதற்கு வித்தை போலத்தான் இருக்கும். வண்டி நகரவில்லை. ஆகவே எஞ்சின் தரும் திறன் முழுவதும் வெப்பம்தான்: 3,000 நியூட்டன் × வினாடிக்கு 2 மீட்டர் = 6,000 வாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்றால், ஆறு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு தோசைக்கல்லின் மேல் ஒன்றாக வைத்துச் சூடேற்றுவதற்கு இது சமம். பத்து வினாடியில் 60,000 ஜூல்.

இதில் பாதி வெப்பம் ஃபிளைவீலுக்குப் போகட்டும். மீதிப் பாதி, 5 கிலோ எடையுள்ள பிரஷர் பிளேட்டுக்கு. வார்ப்பிரும்பின் தன்வெப்பம் ஒரு கிலோவுக்கு, ஒரு பாகைக்கு ஏறக்குறைய 450 ஜூல். 30,000 ÷ (5 × 450) என்றால் சுமார் 13 பாகை செல்சியஸ் உயர்வு. இவ்வளவுதானா என்று அலட்சியம் செய்ய வேண்டாம். இது இரும்பு முழுவதும் பரவிய பிறகு உள்ள சராசரி. உராயும் முகத்தில் அந்த வினாடியில் இதைப்போல் பல மடங்கு சூடு இருக்கும். மேலும் மூடிய கூட்டுக்குள் இருப்பதால் அது மெல்லத்தான் ஆறும். பத்து வளைவில் இதே வித்தையைக் காட்டினால் 13 என்பது 130-ஐ நோக்கிப் போய்விடும். உராய்வு முகம் 300 பாகையை நெருங்கும்போது அதன் பொருள்களைப் பிணைத்திருக்கும் பிசின் கருகத் தொடங்கும். மலை ஏறும் வண்டிக்குப் பின்னால் போகும்போது மூக்கைத் துளைக்கும் அந்தக் காந்தல் நாற்றம் இதுதான்.

ஆம்பூர்த் தோலும் பழைய கிளட்ச்சும்

எங்கள் பகுதி மாணவர்களுக்கு வேடிக்கையான ஒரு செய்தி. மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் கிளட்ச் தகடு வடிவில் இல்லை. கூம்பு வடிவில் இருந்தது. ஒரு கூம்பு இன்னொரு கூம்புக்குள் போய் இறுகிப் பிடிக்கும். அந்தக் கூம்பின் மேல் என்ன போர்த்தியிருந்தார்கள் தெரியுமா? தோல்! உலோகத்தின் மேல் தோல் நன்றாகப் பற்றும். வழுக்கும்போதும் திடீரென்று வெட்டி இழுக்காமல் மெதுவாகப் பிடிக்கும். காய்ந்து விறைத்துவிடாமல் இருக்க, மாட்டுக் காலெலும்பிலிருந்து எடுத்த எண்ணெயை அதற்குத் தடவுவார்கள். தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்தவர்களுக்கு அந்த எண்ணெய் புதிதல்ல.

ஆனால் தோல் தோற்றது வெப்பத்திடம்தான். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் அந்த இழைகள் குலைந்து தோல் சுருண்டுபோகும். ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் ஈரத்தில் 70 முதல் 85 பாகைக்குள் சுருங்கிவிடும். குரோம் உப்பால் பதனிட்டது கொதிநீரையே தாங்கும். அதனால்தான் தொழிற்சாலைகளில் ஒரு சிறு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டு, அளவு குறைகிறதா என்று சோதிக்கிறார்கள். ஆனால் நாம் மேலே கண்ட 6,000 வாட்டுக்கு முன் குரோம் தோலும் எம்மாத்திரம்? வண்டிகள் கனமாகக் கனமாகத் தோல் போய் ஆஸ்பெஸ்டாஸ் இழை வந்தது. அதன் தூசு நுரையீரலைக் கெடுப்பது தெரிந்த பிறகு பல நாடுகளில் அதுவும் விலக்கப்பட்டு, கண்ணாடி இழையும் வேறு செயற்கை இழைகளும் கலந்த தகடுகள் வந்துள்ளன. கிளட்ச்சின் கதை முழுவதுமே வெப்பத்தைத் தாங்கும் பொருளைத் தேடிய கதைதான்.

எண்ணெய் வழுக்கினால்?

பொருளைத் தேடுவதற்குப் பதிலாக வழுக்கும் இடத்தையே மாற்றிவிட்டால் என்ன? இந்த யோசனை கப்பலிலிருந்து வந்தது. ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் கப்பலின் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுற்ற வேண்டிய உந்துவிசிறியோடு இணைக்க வழி தேடினார். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியில் பற்சக்கரம் எதுவும் இல்லை. பாய்மம் மட்டுமே இருந்தது.

அதைப் புரிந்துகொள்ள இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அது தள்ளும் காற்று பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பி, இரண்டையும் மூடிய கூட்டுக்குள் வைத்தால் அது பாய்ம இணைப்பு. நடுவில் மூன்றாவதாக அசையாத ஒரு விசிறியை நிறுத்தி, திரும்பி வரும் எண்ணெயை உதவியான திசையில் திருப்பிவிட்டால், வெளியே கிடைக்கும் திருப்பு விசை உள்ளே கொடுத்ததைவிட அதிகமாகும். வண்டி நிற்கும் நிலையில் சுமார் இரண்டு மடங்கு கிடைக்கும். இதற்குத் 'திருப்பு விசை மாற்றி' என்று பெயர். மெக்கானிக்குகள் 'டார்க் கன்வெர்ட்டர்' என்பார்கள்.

அதே சரிவில், அதே வளைவில் இந்த வண்டியை நிறுத்திப் பார்ப்போம். திருப்பு விசை இரண்டு மடங்காகப் பெருகுவதால் எஞ்சின் பாதி தந்தாலே போதும். எனவே வெப்பமும் 6,000-க்குப் பதில் 3,000 வாட். பத்து வினாடியில் 30,000 ஜூல். அது எங்கே போகிறது? பெட்டியில் இருக்கும் சுமார் 8 லிட்டர் எண்ணெய்க்கு. அதன் எடை ஏறக்குறைய 7 கிலோ. தன்வெப்பம் சுமார் 2,000 ஜூல். ஆகவே வெப்பநிலை உயர்வது வெறும் 2 பாகை! தேயும் முகம் இல்லை; காந்தல் நாற்றம் இல்லை. ஓட்டுநரின் இடது காலுக்கும் வேலை இல்லை.

நகரத்தில் நின்று நின்று போகும் வண்டிகளுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். பேருந்துக்கும் குப்பை லாரிக்கும் உலகெங்கும் தானியங்கிப் பெட்டியை விரும்புவது இதனால்தான். அப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்யும் அலிசன் நிறுவனத்தின் ஆலை நம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே இருக்கிறது.

பாய் வென்றுவிட்டார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

மலை ஏறும் இருபது நிமிடம்

வண்டி கிளம்பியாயிற்று. இப்போது 6 கிலோமீட்டர் மலைப்பாதையை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. அதாவது வினாடிக்கு 5 மீட்டர். இதற்குத் தேவையான திறன் 3,000 × 5 = 15,000 வாட். ஏறி முடிக்க 20 நிமிடம், அதாவது 1,200 வினாடி ஆகும்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் இந்த நேரம் முழுவதும் கிளட்ச் இறுகப் பிடித்திருக்கிறது. வழுக்கல் சுழி, வெப்பமும் சுழி. பற்சக்கரங்களின் உராய்வில் நூற்றுக்குச் சில பங்கு மட்டும் வீணாகி, கனத்த வார்ப்புக் கூட்டின் வழியே காற்றில் கலந்துவிடும்.

தானியங்கி வண்டியிலோ எண்ணெய் இன்னும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. சுமையோடு மெதுவாக ஏறும்போது அதன் பயனுறுதிறன் 80 சதவீதம் என்று கொள்வோம். சக்கரத்துக்கு 15,000 வாட் கிடைக்க எஞ்சின் 18,750 வாட் தர வேண்டும். மீதி 3,750 வாட் எண்ணெயில் தங்குகிறது. ஒரு பத்து வினாடிக்கு அல்ல, 1,200 வினாடிக்கும். 45 லட்சம் ஜூல்! 7 கிலோ எண்ணெய் இதை முழுதும் தன்னிடமே வைத்துக்கொண்டால் அதன் வெப்பநிலை 320 பாகைக்குமேல் உயர வேண்டும்.

உண்மையில் அப்படி உயர்வதில்லை. எண்ணெய் ஒரு குழாய் வழியே முன்னாலுள்ள ரேடியேட்டருக்குப் போய், வெப்பத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புகிறது. ஆக, அந்தப் பெட்டி பிழைத்திருப்பது குளிர்விப்பானின் தயவில். பழைய வண்டியில் ரேடியேட்டர் துருவும் உப்புப் படிவும் சேர்ந்து பாதி அடைத்திருக்கும். அதன் முன்னால் சேறும் வைக்கோல் துரும்பும் ஒட்டியிருக்கும். மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்றும் குறைவு.

எண்ணெய் சூடானால் என்ன கெட்டுப்போகும்? வேதிவினைகளின் வேகத்தைப் பற்றி ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் ஒரு வேதிவினைதான். 80 பாகையில் ஓடும் எண்ணெய் 120 பாகைக்கு ஏறினால், நான்கு முறை இரட்டித்து, 16 மடங்கு வேகத்தில் கெடும். இதைத் துல்லியமான சட்டம் என்று கொள்ள வேண்டாம். ஆனால் போகும் திசை அதுதான்.

தானியங்கிப் பெட்டிக்குள் எண்ணெய் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. திருப்பு விசையைக் கடத்துவதும் அதுவே. தேய்மானத்தைத் தடுப்பதும் அதுவே. அதோடு, கியர் மாற்றுவதும் அதுவேதான். உள்ளே சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல அமைந்த பற்சக்கரத் தொகுதிகள் இருக்கின்றன. எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை எதோடு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். அப்படிப் பிடிப்பதற்கு எண்ணெயில் ஊறிய சிறு கிளட்ச் தகடுகள் இருக்கின்றன. அவற்றை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். அழுத்தம் கசியாமல் காப்பவை ரப்பர் வளையங்கள். சூட்டில் ரப்பர் விறைத்துக் கசிகிறது, அழுத்தம் குறைகிறது, தகடுகள் வழுக்குகின்றன, வழுக்கலில் மேலும் சூடு, மேலும் ரப்பர் கெடுகிறது. இந்தச் சுழலில் ஒரு முறை விழுந்த பெட்டி தானாக மீள்வதில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் அது ஒன்றுதான் போகும். எண்ணெய் கெட்டால் பெட்டி முழுதும் போகும்.

நெடுங்காலம் உழைத்த பெட்டிகள்

அப்படியானால் பாய் சொன்ன அமெரிக்க வண்டிகள் எப்படி அத்தனை காலம் ஓடின? அவர் பொய் சொல்லவில்லை. தானியங்கிப் பெட்டி பெருமளவில் சந்தைக்கு வந்தது 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில். 'ஹைட்ராமேட்டிக்' என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரில் எம்5 என்னும் இலகு ரக டாங்கியில் இரண்டு கேடிலாக் எஞ்சின்களோடு இரண்டு ஹைட்ராமேட்டிக் பெட்டிகளைப் பொருத்தினார்கள். டாங்கியை இழுத்த பெட்டியை வலிமையற்றது என்று யார் சொல்ல முடியும்?

பிறகு வந்தவற்றில் பழைய பிக்கப் வண்டிகளை வைத்திருப்போர் இன்றும் மெச்சும் மூன்று உண்டு: கிரைஸ்லரின் 'டார்க்ஃபிளைட் 727', 1964-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 'டர்போ ஹைட்ராமேட்டிக் 400', 1966-இல் வந்த ஃபோர்டின் 'சி6'. மூன்றிலும் மூன்றே முன்னோக்கிய கியர்கள். கனமான உறுப்புகள், அகன்ற கிளட்ச் தகடுகள், மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. 400-ஐ ரோல்ஸ் ராய்ஸ் வாங்கித் தன் கார்களில் பொருத்தியது. 1976-இல் ஃபெராரிகூட ஒரு காரில் அதைப் போட்டது. சுமை வண்டிக்கும் சொகுசுக் காருக்கும் ஒரே பெட்டி!

அவற்றின் நீண்ட ஆயுளுக்கு ஒரு விலை இருந்தது: எரிபொருள். நெடுஞ்சாலையில்கூட எண்ணெய் சிறிது வழுக்கிக்கொண்டே இருக்கும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அந்தச் சிறு வழுக்கலும் கண்ணை உறுத்தியது. வேகம் எடுத்த பிறகு எண்ணெயைத் தவிர்த்து இரு பக்கத்தையும் நேராகப் பூட்டிவிடும் கிளட்ச்சைக் கிரைஸ்லர் 1978-இல் சேர்த்தது. நான்காவது கியர் வந்தது. உறுப்புகள் இலேசாயின.

இங்கேதான் ஆயுளில் வேறுபாடு தெரியத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கொண்டுவந்த '700ஆர்4' பெட்டியில், ஆக்சிலேட்டரையும் பெட்டியின் எண்ணெய் அழுத்தத்தையும் ஒரு கம்பி வடம் இணைக்கும். அந்த வடத்தைத் தவறாகப் பொருத்தினால் அழுத்தம் குறையும்; மேல் கியரின் தகடுகள் வழுக்கி வெகு விரைவில் கருகும். பெட்டியில் குறை இருந்தது பாதி, வடத்தைத் திருகியவர் கையில் இருந்தது பாதி என்பேன். பின்வந்த ஆண்டுகளில் அதைத் திருத்தினார்கள். கனரகப் பிக்கப்புகளுக்கு மட்டும் பழைய வலிமையை விட யாருக்கும் மனமில்லை. சி6-ஐ அடிப்படையாக வைத்து நான்காவது கியர் சேர்த்து ஃபோர்டு 1989-இல் 'இ4ஓடி'யைச் செய்தது. 400-ஐ அப்படியே வளர்த்து ஜெனரல் மோட்டார்ஸ் 1991-இல் '4எல்80இ'யைச் செய்தது.

சவூதியின் நீண்ட சமதரைச் சாலையில் இத்தகைய பெட்டி ஒரு முறை மேல் கியருக்குப் போனால் மணிக்கணக்கில் வழுக்கல் மிகக் குறைவாகவே இருக்கும். வெயில் 45 பாகை ஆனாலும் வேகமான எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடித்துக்கொண்டே இருக்கும். பாயின் அனுபவம் அந்தச் சாலைக்கு உண்மை. மெக்கானிக்கின் பயம் எங்கள் மலைக்கு உண்மை. கிளம்பும்போதும் நிற்கும்போதும் தானியங்கி வெல்கிறது; நீண்ட நேரம் மெதுவாகச் சுமையிழுத்து ஏறும்போது கைக்கியர் வெல்கிறது. எது நீடிக்கும் என்று பெட்டியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. வண்டி தன் நாளை எங்கே கழிக்கிறது என்பதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இக்காலத்துப் பெட்டிகளில் ஆறு கியர், குறைந்த வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும் கிளட்ச், சூட்டை அளந்து எச்சரிக்கும் மின்னணுக் கருவி எல்லாம் உண்டு. 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பிலும் ஆறு கியர்த் தானியங்கி கிடைக்கிறது. அவற்றுக்கு மலை முன்போல் அச்சமூட்டுவதல்ல. ஆனால் இடைப்பட்ட இனம் ஒன்று இருக்கிறது, அதில் ஏமாறக்கூடாது. 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவிய 'ஏஎம்டி' வகை வண்டியில் கிளட்ச் மிதி இல்லை என்றாலும் கிளட்ச் பிளேட் இருக்கிறது. நம் காலுக்குப் பதில் ஒரு கருவி அதை இயக்குகிறது. சரிவில் ஆக்சிலேட்டரை மிதித்து அந்த வண்டியை நிறுத்தி வைத்தால் நம் 6,000 வாட் கணக்கு அப்படியே பொருந்தும்.

பெரியப்பாவிடம் தாளைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, என் முழங்காலை இதுல எங்கே கூட்டியிருக்கே?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவர் சொல்வதும் நியாயந்தானே? எந்திரத்தின் தேய்மானத்தைக் கணக்கெடுத்த நான், ஓட்டுகிறவரின் தேய்மானத்தை விட்டுவிட்டேன்.

மறு வாரம் நால்வரும் சென்னைக்குப் போய் அந்த வண்டியைப் பார்த்தோம். வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது. மெக்கானிக் அடியில் படுத்து, எண்ணெய் மட்டம் பார்க்கும் திருகைக் கழற்றி, விரலில் தொட்டு முகர்ந்தார். அந்த எண்ணெய் புதிதில் செம்பருத்திச் சாற்றைப் போலச் சிவப்பாக இருக்கும். இது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. கருகிய வாடையும் அடித்தது. விற்பவர், "இது ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத எண்ணெய் சார்" என்றார். "யாரோட ஆயுள்?" என்று பாய்தான் கேட்டார். வாங்காமலே திரும்பினோம். இப்போது மலைக்குப் போகும் நாளில் பெரியப்பாவின் மகன் பழைய வண்டியை ஓட்டுகிறான். சந்தை நாளில் சமதரையில் மட்டும் பெரியப்பா ஓட்டுகிறார்.

உங்களுக்கு ஒரு கணக்கு. வண்டியும் சுமையும் 2,000 கிலோகிராம். 8 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் ஓட்டுநர் 15 வினாடி ஆஃப் கிளட்ச்சில் நிறுத்தி வைக்கிறார். முதல் கியர் வேகம் அதே 2 மீட்டர். கிளட்ச்சில் எவ்வளவு வெப்பம் பிறக்கும்? 73,500 ஜூல் என்று வந்தால் சரி. அந்த 15 வினாடியும் அவர் கிளட்ச்சை முழுதும் மிதித்துக் கைப்பிரேக்கை இழுத்து வைத்திருந்தால் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இதற்குத் தாள் தேவைப்படாது.